இன்ஸ்டால் முடிந்தும் கட்டளை ஓடவில்லையா? என்விரான்மென்ட் வேரியபிளில் எங்கே பார்ப்பது

நிரல் எழுதுவதற்காகப் பைத்தானையோ ஜாவாவையோ நோடையோ இன்ஸ்டால் செய்கிறோம். பச்சை டிக் வருகிறது, வெற்றிகரமாக முடிந்தது என்ற வரியும் வருகிறது. கட்டளைகளைத் தட்டும் ஜன்னலான டெர்மினலைத் திறந்து பெயரைத் தட்டினால், அப்படி ஒரு கட்டளையே தெரியாது என்கிறது கணினி. விண்டோஸ் இதை நீட்டி முழக்கிச் சொல்லும்: உள் கட்டளையாகவோ வெளிக் கட்டளையாகவோ, இயக்கக்கூடிய நிரலாகவோ, பேட்ச் கோப்பாகவோ இது அடையாளம் காணப்படவில்லை என்று. லினக்ஸும் மேக்கும் ‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்’ என்று முடித்துக்கொள்ளும். இந்த இடத்தில் பலரும் செய்வது, நிரலை நீக்கிவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்வது. அதனால் நன்மை வருவது அபூர்வம். பழைய பதிப்பின் தடமும் புதியதின் தடமும் சேர்ந்து தங்கிவிட்டால், இரண்டாவது முறை குழப்பம் இன்னும் கூடும்.

அந்தச் செய்தி உண்மையில் என்ன சொல்கிறது என்று கவனிக்க வேண்டும். நிரல் கணினியில் இல்லை என்று அது சொல்லவில்லை. எனக்குச் சொல்லப்பட்ட ஃபோல்டர்களில் தேடினேன், அங்கே இல்லை என்றுதான் சொல்கிறது. எனவே முதல் சோதனை எளிது. நிரல் எந்த ஃபோல்டரில் இருக்கிறதோ, அந்த முழு முகவரியோடு சேர்த்து அதை ஓட்டிப் பாருங்கள். ஓடிவிட்டால் இன்ஸ்டாலில் குறையில்லை, தேடும் வழியில்தான் குறை. ஓடாவிட்டால் அனுமதி, 32 பிட், 64 பிட் பொருத்தம் என்று வேறு பக்கம் பார்க்க வேண்டும். லினக்ஸிலும் மேக்கிலும் இந்தப் பிரிவினையை, டெர்மினலில் நாம் தட்டுவதை வாங்கி ஓட்டும் ஷெல் என்ற நிரலே எண்ணாகத் தருகிறது: கட்டளை முடிந்த நிலை 127 என்றால் கண்டுபிடிக்க முடியவில்லை, 126 என்றால் கண்டுபிடித்தது, ஆனால் இயக்க முடியவில்லை.

நிரல்கள் படித்துக்கொள்வதற்காகப் பெயரும் மதிப்புமாக வைக்கப்படும் அமைப்புகளை என்விரான்மென்ட் வேரியபிள் என்கிறோம். தேடும் வழியைச் சொல்லும் வேரியபிளின் பெயர் பாத். ஃபோல்டர் முகவரிகளின் நீண்ட பட்டியல் அது. விண்டோஸில் அரைப்புள்ளியால் பிரிக்கப்பட்டிருக்கும், லினக்ஸிலும் மேக்கிலும் முக்காற்புள்ளியால். ஷெல் இடமிருந்து வலமாக ஒவ்வொரு ஃபோல்டராகப் பார்த்து, பெயர் பொருந்திய முதல் கோப்பை எடுத்து ஓட்டும். இதுவரை பெரும்பாலோருக்குத் தெரியும். தெரியாமல் போவது அடுத்த பகுதி. என் அனுபவத்தில் முக்கால்வாசிச் சிக்கல்களும் அங்கேதான் இருக்கின்றன.

எல்லோருக்கும் பொதுவான ஒரு பாத் கிடையாது

என்விரான்மென்ட் வேரியபிள் என்பது கணினி முழுவதற்கும் பொதுவாக எங்கோ ஓரிடத்தில் இருப்பது, அதை மாற்றினால் எல்லா நிரலுக்கும் மாறிவிடும் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிரலுக்கும் தனித் தனி நகல் இருக்கிறது. ஒரு நிரல் இன்னொன்றைத் தொடங்கும்போது, வேறு ஏற்பாடு செய்யாவிட்டால், தன்னிடம் உள்ளதைப் பிரதி எடுத்து அதன் கையில் கொடுக்கிறது. ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்த பிறகு அசலில் திருத்தினால், கையில் இருக்கும் தாள் மாறாது அல்லவா, அதே கதைதான். அப்படித் தொடங்கப்பட்ட நிரல் தன் நகலை எவ்வளவு மாற்றினாலும், அதைத் தொடங்கிய நிரலுக்கு அது தெரியவும் தெரியாது.

இந்த ஏற்பாடு லினக்ஸுக்கும் மேக்குக்கும் முன்னோடியான யூனிக்ஸின், 1979-இல் வந்த ஏழாம் பதிப்பிலிருந்து தொடர்வது. 1983-இல் மைக்ரோசாஃப்டின் டாஸ் 2.0 இதே கருத்தை எடுத்துக்கொண்டது, அங்கிருந்து விண்டோஸுக்கு வந்தது. இன்று நாம் படும் அவஸ்தைகளில் பலவும் இந்த ஒரு தீர்மானத்தின் விளைவு. ஆனாலும் அது நல்ல தீர்மானம் என்றே நினைக்கிறேன். ஒரு நிரல் தன் நகலைக் கெடுத்துக்கொண்டால் பக்கத்து நிரலுக்கு ஆபத்தில்லை. ஒரே கணினியில் ஒரு ஜன்னலில் ஜாவா 8, இன்னொரு ஜன்னலில் ஜாவா 17 என்று வேலை பார்க்க முடிவதும் இதனால்தான்.

விண்டோஸில் நிரந்தர மதிப்புகள் ரெஜிஸ்ட்ரி என்ற அமைப்புக் கிடங்கில் இருக்கின்றன. கணினிக்கு ஒரு பகுதி, பயனருக்கு ஒரு பகுதி. அமைப்புகளில் என்விரான்மென்ட் வேரியபிள்களுக்கான பெட்டியைத் திறந்து மாற்றி ஓகே கொடுத்ததும், மாற்றம் நடந்துவிட்டது என்று திறந்திருக்கும் எல்லா ஜன்னல்களுக்கும் ஓர் அறிவிப்பு போகிறது. டெஸ்க்டாப்பை நடத்தும் எக்ஸ்புளோரர் அதைக் காதில் வாங்கித் தன் நகலைப் புதுப்பித்துக்கொள்ளும். அதனால் அதற்குப் பிறகு ஸ்டார்ட் மெனுவிலிருந்து திறக்கும் ஜன்னல்களில் புதிய மதிப்பு இருக்கும். ஏற்கெனவே திறந்திருக்கும் கமாண்ட் பிராம்ப்ட் (விண்டோஸின் கட்டளை ஜன்னல்) அந்த அறிவிப்பைக் கண்டுகொள்வதே இல்லை. பழைய நகலோடு அப்படியே உட்கார்ந்திருக்கும்.

இதிலிருந்து ஒரு நுட்பமான சிக்கல் வருகிறது. விஷுவல் ஸ்டுடியோ கோட் போன்ற எடிட்டருக்குள் டெர்மினல் வைத்திருப்பவர்கள், அந்த டெர்மினலை மட்டும் மூடித் திறந்து பார்த்துவிட்டு இன்னும் வரவில்லை என்பார்கள். அந்த டெர்மினலுக்கு நகல் கொடுப்பது எடிட்டர். எடிட்டர் காலையில் திறந்தது, அதன் கையில் இருப்பது காலை நிலவரம். எடிட்டரை முழுவதுமாக, அதன் எல்லா ஜன்னல்களையும் மூடித்தான் திறக்க வேண்டும். பின்னணியில் ஓடும் சர்வீஸ்கள் இன்னும் ஒரு படி மேலே. அவை கணினி தொடங்கும்போது கிடைத்த நகலை வைத்திருப்பவை. ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும் என்று ஆளாளுக்குச் சொல்வதில் மந்திரம் ஏதும் இல்லை. ரீஸ்டார்ட் செய்தால் எல்லா நகல்களும் புதிதாக எடுக்கப்படுகின்றன, அவ்வளவுதான்.

அதனால் என்விரான்மென்ட் வேரியபிள் சிக்கல் எதுவானாலும், அமைப்புகள் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பார்க்காதீர்கள். தடுமாறும் அந்த நிரலின் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கமாண்ட் பிராம்ப்டில் ‘செட்’ என்று மட்டும் தட்டினால் அந்த ஜன்னலின் மொத்த நகலும் கொட்டும். லினக்ஸிலும் மேக்கிலும் ‘என்வ்’. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வேறொரு நிரலைப் பார்க்க வேண்டுமானால், மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் ப்ராசஸ் எக்ஸ்புளோரரில் அந்த நிரலின் பண்புகளைத் திறந்தால் என்விரான்மென்ட் என்று ஒரு தாவலே இருக்கிறது. லினக்ஸில் ‘ப்ராக்’ கோப்புறைக்குள் அந்த ப்ராசஸ் எண்ணின் கீழ் ‘என்விரான்’ என்ற கோப்பைப் படிக்கலாம். தொடங்கியபோது அதற்குக் கிடைத்த நகல் அதில் இருக்கும். பெட்டியில் இருப்பதும் நிரலின் கையில் இருப்பதும் வேறுபட்டால் காரணம் அங்கேயே கிடைத்துவிட்டது. இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் மதிப்பிலேயே பிழை இருக்கிறதா என்று தேட வேண்டும்.

ஓடுகிறது, ஆனால் வேறு ஒன்று ஓடுகிறது

கட்டளை ஓடாமல் நின்றால்கூடத் தேவலை. ஓடி, பழைய பதிப்பு எண்ணைக் காட்டுவது இன்னும் மோசம், ஏனென்றால் கவனிக்காமலே பல மணி நேரம் வேலை செய்துவிடுவோம். பட்டியலில் முதலில் வருபவரே ஜெயிப்பார் என்பதால் இப்படி ஆகிறது. விண்டோஸில் ‘வேர்’ கட்டளையோடு நிரலின் பெயரைக் கொடுத்தால், பொருந்தும் கோப்புகள் எல்லாவற்றையும் வரிசைப்படி காட்டும். மேலே இருப்பது எதுவோ, பொதுவாக அதுதான் ஓடுகிறது. விண்டோஸின் இன்னொரு ஷெல்லான பவர்ஷெல்லில் ‘வேர்’ என்பது வேறொரு கட்டளையின் சுருக்கப் பெயர், அதனால் எதுவும் காட்டாமல் திரும்பிவிடும். அங்கே ‘எக்ஸ்இ’ நீட்டிப்பையும் சேர்த்து எழுத வேண்டும், அல்லது ‘கெட்-கமாண்ட்’ பயன்படுத்த வேண்டும். லினக்ஸில் பலரும் ‘விச்’ பயன்படுத்துகிறார்கள். எனக்கு ‘டைப்’ கட்டளையை ‘-ஏ’ சேர்த்துக் கொடுப்பது மேல் என்று படுகிறது, ஏனென்றால் ஷெல்லுக்குள் யாரோ வைத்துவிட்டுப் போன ஏலியாஸையும் (கட்டளையின் மாற்றுப்பெயர்) அது காட்டிக்கொடுக்கும்.

விண்டோஸில் வரிசை பற்றி ஒரு விதியைத் தெரிந்துகொண்டால் பாதி மர்மம் விலகும். மற்ற வேரியபிள்களில், கணினிக்கும் பயனருக்கும் ஒரே பெயரில் மதிப்பு இருந்தால் பயனருடையது மேலோங்கும். பாத் மட்டும் விதிவிலக்கு. கணினியின் பட்டியல் முன்னால், பயனரின் பட்டியல் அதன் வாலில். எனவே பழைய பதிப்பு கணினிப் பட்டியலிலும் புதியது பயனர் பட்டியலிலும் இருந்தால், பயனர் பட்டியலில் அதை எவ்வளவு மேலே நகர்த்தினாலும் பயனில்லை. கணினிப் பட்டியலில் இருக்கும் பழையதை நீக்க வேண்டும், அதற்கு அட்மின் அனுமதி வேண்டும். ஆரக்கிளின் ஜாவா இன்ஸ்டாலர் ‘ஜாவாபாத்’ என்ற ஒரு ஃபோல்டரைக் கணினிப் பட்டியலின் முன்பக்கம் வைப்பதுண்டு. ஜாவா இருக்கும் ஃபோல்டரைச் சொல்லும் ஜாவா ஹோம் வேரியபிளை ஒழுங்காக மாற்றியும் ‘ஜாவா’ என்று தட்டினால் வேறு பதிப்பு வருகிறது என்றால், பார்க்க வேண்டிய இடம் அது.

விண்டோஸ் 10-இலும் 11-இலும் பைத்தானுக்கு இன்னொரு கதை இருக்கிறது. பைத்தானே இல்லாத கணினியில் ‘பைத்தான்’ என்று தட்டினால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறக்கும். ‘விண்டோஸ்ஆப்ஸ்’ என்ற ஃபோல்டரில் அந்தப் பெயரில் வைக்கப்பட்டிருக்கும் ஒரு போலிக் கோப்பின் வேலை அது. உண்மையான பைத்தானை இன்ஸ்டால் செய்த பிறகும், அந்த ஃபோல்டர் பட்டியலில் முன்னால் இருந்தால் ஸ்டோரே திறக்கும். அமைப்புகளில் ஆப் எக்ஸிகியூஷன் ஏலியாஸ் என்ற பகுதிக்குப் போய் பைத்தானுக்கு எதிரே உள்ளதை அணைத்தால் தீர்ந்தது. பைத்தானின் பழகிய விண்டோஸ் இன்ஸ்டாலரில், பாத்தில் சேர்க்கவா என்ற கட்டம் இயல்பாக டிக் செய்யப்படாமல் இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். முதல் திரையிலேயே இருந்தாலும் கண்ணில் படாமல் தாண்டிவிடுவது எளிது.

லினக்ஸில் இதன் உறவுக்காரச் சிக்கல் ஒன்று உண்டு. பாஷ் ஷெல், ஒரு கட்டளையை ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால் அதன் இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளும். புதிய பதிப்பை முன்னால் இருக்கும் ஃபோல்டரில் போட்டாலும் அதே ஜன்னலில் பழையதையே ஓட்டும். ‘ஹேஷ் -ஆர்’ என்று தட்டினால் அந்த நினைவு அழிந்துவிடும்.

செட்எக்ஸ் பற்றிக் கொஞ்சம் கவலையோடு

பாத்தில் ஒரு ஃபோல்டரைச் சேர்க்க, வேரியபிளை நிரந்தரமாக எழுதும் ‘செட்எக்ஸ்’ கட்டளையில் பழைய பாத்தையும் புதிய முகவரியையும் ஒட்டிக் கொடுக்கச் சொல்லும் குறிப்புகள் ஏராளம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். செட்எக்ஸ் 1024 எழுத்துகளுக்கு மேல் போனால் மிச்சத்தை வெட்டிவிடும். எச்சரிக்கை ஒன்று காட்டும், ஆனால் அதற்குள் எழுதியும் முடித்திருக்கும். சில டெவலப்பர் கருவிகள் ஏறிய கணினியில் பாத் 1024 எழுத்தைத் தாண்டுவது சாதாரணம். அது போதாதென்று, ஜன்னலில் தெரியும் பாத் என்பது கணினிப் பட்டியலும் பயனர் பட்டியலும் சேர்ந்தது. அந்த மொத்தத்தையும் பயனர் பட்டியலுக்குள் எழுதிவிட்டால், எது யாருடையது என்று பிரிக்கவே முடியாது. விண்டோஸ் 10-இலிருந்து பாத்தை வரிவரியாகத் திருத்தும் பெட்டி இருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள். திருத்துவதற்கு முன் பழைய மதிப்பை நோட்பேடில் நகலெடுத்து வைப்பது ஒரு நிமிட வேலை.

ஏற்கெனவே வெட்டுப்பட்டுவிட்டதா? பதற வேண்டாம், எந்த ஜன்னலையும் மூடவும் வேண்டாம். மாற்றத்துக்கு முன் திறந்த ஒரு கமாண்ட் பிராம்ப்டோ எடிட்டரோ இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், பழைய பாத் முழுசாக அதன் கையில் இருக்கிறது. அங்கிருந்து அச்சிட்டு எடுத்துக்கொள்ளலாம்.

யூனிக்ஸ் பக்கத்தில் இதற்கு ஈடான விபத்து, ஷெல் தொடங்கும் நிரல்களுக்கும் போகும்படி பாத்தை எக்ஸ்போர்ட் செய்யும் வரியில் பழைய மதிப்பைச் சேர்க்க மறப்பது. அடுத்த நொடியே, கோப்புகளைப் பட்டியலிடும் ‘எல்எஸ்’ கூட ஓடாது. பயமுறுத்தும், ஆனால் கோப்புகள் எல்லாம் பத்திரமாகவே இருக்கும். ‘பின்’ ஃபோல்டரின் முழு முகவரியோடு கட்டளைகளை அழைத்து, அந்த வரியைத் திருத்திவிடலாம்.

எந்தக் கோப்பில் எழுதுவது

லினக்ஸிலும் மேக்கிலும் ரெஜிஸ்ட்ரி இல்லை. ஷெல் தொடங்கும்போது படிக்கும் சில கோப்புகள் இருக்கின்றன. எந்த ஷெல், அது எப்படித் தொடங்கப்பட்டது என்பதைப் பொறுத்து எந்தக் கோப்பு என்பது மாறும். பாஷ், லாகின் ஷெல்லாக (பயனர் உள்நுழைவதாகக் கருதி) தொடங்கினால் வீட்டு ஃபோல்டரில் ‘.பாஷ்_ப்ரொஃபைல்’, ‘.பாஷ்_லாகின்’, ‘.ப்ரொஃபைல்’ என்ற வரிசையில் தேடி, முதலில் கிடைத்த ஒன்றை மட்டும் படிக்கும். சாதாரண ஜன்னலாகத் தொடங்கினால் ‘.பாஷ்ஆர்சி’. இதில் ஒரு பொறி உண்டு. நேற்றுவரை ‘.ப்ரொஃபைல்’ கோப்பில் எல்லாம் ஒழுங்காக இருந்திருக்கும். இன்று ஏதோ ஒரு இன்ஸ்டாலர் ‘.பாஷ்_ப்ரொஃபைல்’ என்று புதிதாக ஒன்றை உருவாக்கி அதில் தன் ஒரு வரியை எழுதிவிடும். அந்த நொடியிலிருந்து பழைய கோப்பை யாரும் படிக்க மாட்டார்கள். நாம் கை வைக்காத அமைப்புகள் எல்லாம் காணாமல் போனதுபோல் இருக்கும்.

மேக்கில், 2019-இல் வந்த கேட்டலினா முதல் புதிய கணக்குகளின் இயல்பு ஷெல் பாஷ் அல்ல, இசட்ஷெல். அதற்கு முந்தைய வழிகாட்டிகளைப் படித்து ‘.பாஷ்_ப்ரொஃபைல்’ கோப்பில் எழுதினால் ஒன்றும் நடக்காது, ‘.இசட்எஸ்எச்ஆர்சி’ கோப்பில் எழுத வேண்டும். மேக்கில் நிரல்களை இன்ஸ்டால் செய்ய உதவும் ஹோம்ப்ரூவும் இன்டெல் மேக்குகளில் ‘யூஎஸ்ஆர் லோக்கல்’ ஃபோல்டரில் இருந்தது, ஆப்பிளின் சொந்தச் சிப் உள்ளவற்றில் ‘ஆப்ட்’ ஃபோல்டருக்குக் கீழே போய்விட்டது. பழைய மேக்கின் அமைப்புக் கோப்பைப் புதியதில் அப்படியே ஒட்டினால், பாத்தில் இருக்கும் முகவரி வெறும் காற்றைக் காட்டும்.

டெர்மினலில் ஓடுகிறது, மேக்கின் டாக்கில் ஐகானை அழுத்தித் திறந்தால் ஓடவில்லை என்ற புகாரும் இங்கேதான் சேரும். ஐகான் வழியாகத் திறக்கும் நிரலுக்கு நகல் கொடுப்பது ஷெல் அல்ல, அதனால் ஷெல்லின் கோப்புகளில் நீங்கள் எழுதியது அதைச் சேராது. குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானில் போட்ட வேலை இரவில் தோற்பதற்கும் அதே காரணம். கிரான் மிகச் சிறிய பாத்தோடுதான் வேலையைத் தொடங்கும், ஆகவே அங்கே முழு முகவரி எழுதுவதே நல்லது. ரூட் எனும் அட்மின் அதிகாரத்தோடு ஓட்டும் ‘சூடோ’ போட்டால் கட்டளை காணாமல் போகிறதா? பல லினக்ஸ் விநியோகங்களில் சூடோ உங்கள் பாத்தை ஒதுக்கிவிட்டு, தனக்கென்று குறித்துவைத்த பாதுகாப்பான பாத்தை எடுத்துக்கொள்ளும். அது பிழையல்ல. யாரோ உங்கள் பாத்தில் செருகிவைத்த போலி நிரல் ரூட் அதிகாரத்தோடு ஓடிவிடக் கூடாது என்பதற்கான தடுப்பு.

இன்னொன்று, ஷெல்லில் மதிப்புக் கொடுத்துவிட்டு எக்ஸ்போர்ட் செய்யாமல் விடுவது. அச்சிட்டுப் பார்த்தால் மதிப்பு சரியாகத் தெரியும். ஆனால் எக்ஸ்போர்ட் செய்யாதது நகலில் சேராது, அதனால் ஷெல் தொடங்கும் எந்த நிரலுக்கும் அது போகாது.

மதிப்பே தவறாக இருக்கும்போது

ஜாவா ஹோம் என்பது ஜேடிகே (ஜாவா நிரல் எழுதும் கருவித்தொகுப்பு) இருக்கும் ஃபோல்டரைக் காட்ட வேண்டும், அதற்குள் இருக்கும் ‘பின்’ ஃபோல்டரை அல்ல. பாத்துக்கு ‘பின்’ வேண்டும், ஜாவா ஹோமுக்குக் கூடாது. ஜாவா நிரல்களைக் கட்டமைக்கும் மேவன் இதைச் சரிபார்த்து, வேரியபிள் சரியாக வரையறுக்கப்படவில்லை என்று நின்றுவிடும். கமாண்ட் பிராம்ப்டில் ‘செட்’ கொடுக்கும்போது சமக்குறிக்கு முன் இடைவெளி விட்டால், அந்த இடைவெளி பெயரின் பகுதியாகிவிடும். மதிப்பைச் சுற்றி மேற்கோள்குறி போட்டால் அதுவும் மதிப்புக்குள் போய் உட்காரும். லினக்ஸில் சமக்குறியின் இரு பக்கமும் இடைவெளியே கூடாது. அங்கே பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசமும் உண்டு, விண்டோஸில் இல்லை. இணையத்திலிருந்து ஒட்டும்போது வளைந்த மேற்கோள்குறிகள் வந்து சேர்கின்றனவா என்றும் ஒரு பார்வை பாருங்கள்.

இன்ஸ்டாலே தோற்கிறது என்றால் நான் முதலில் பார்ப்பது ‘டெம்ப்’. இன்ஸ்டாலர்கள் கோப்புகளை விரித்துப் போடும் தற்காலிக இடம் அது. எப்போதோ கழற்றிய டிரைவையோ, எழுத அனுமதியில்லாத ஃபோல்டரையோ அது காட்டிக்கொண்டிருந்தால், சம்பந்தமே இல்லாததுபோல் தோன்றும் பிழை எண்கள் வரும். அப்புறம், எந்த இடைக்கணினி வழியாக இணையத்துக்குப் போவது என்று சொல்லும் ப்ராக்ஸி வேரியபிள்கள். அலுவலக நெட்வொர்க்குக்காக ஒருமுறை வைத்தது வீட்டிலும் தொடர்ந்தால், உலாவியில் இணையம் நன்றாக இருக்கும், பைத்தான் பேக்கேஜ்களை இறக்கும் பிப்பும், கோப்புகளை இறக்கும் கர்லும் மட்டும் தொங்கும். பைத்தான் தொடங்கும்போதே ‘என்கோடிங்ஸ்’ மாட்யூல் இல்லை என்று விழுந்தால், பைத்தான் ஹோம் என்ற வேரியபிளை யாராவது வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். பெரும்பாலும் அதை நீக்கினாலே போதும்.

இப்படி யார் வைத்ததென்று தெரியாத ஒரு வேரியபிள் மீது சந்தேகம் வந்தால், நிரந்தரமாக அழிக்க வேண்டியதில்லை. அந்த ஒரு ஜன்னலில் மட்டும் அதைக் காலியாக்கிவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். லினக்ஸில் ‘என்வ் -ஐ’ கொடுத்தால் ஏறக்குறைய வெற்று நகலோடு நிரல் தொடங்கும். அதில் ஓடி, வழக்கமான ஜன்னலில் ஓடாவிட்டால், குற்றவாளி உங்கள் வேரியபிள்களில்தான் எங்கோ இருக்கிறது; பாதிப் பாதியாகத் திரும்பச் சேர்த்துப் பார்த்தால் மாட்டிக்கொள்ளும்.

பிப்பில் இன்ஸ்டால் ஆனது, பைத்தானோ அந்த மாட்யூல் இல்லை என்கிறது என்ற புகாருக்கும் காரணம் பாத் வரிசைதான். ‘பிப்’ என்ற பெயர் பாத்தில் ஒரு ஃபோல்டரில் அகப்படுகிறது, ‘பைத்தான்’ என்ற பெயர் வேறொன்றில். இரண்டும் வெவ்வேறு பதிப்புகளுக்குச் சொந்தம். தனியாகப் பிப்பை அழைக்காமல், ‘பைத்தான் -எம் பிப்’ என்று பைத்தான் வழியாகவே அழைத்தால், ஓடும் அதே பைத்தானுக்குள் பேக்கேஜ் போய்ச் சேரும். விர்ச்சுவல் என்விரான்மென்ட் செய்வதும் இதுவே: அதைச் செயல்படுத்தும் ஸ்க்ரிப்ட் தன் ஃபோல்டரை அந்த ஜன்னலின் பாத்தில் எல்லாவற்றுக்கும் முன்னால் வைக்கிறது. அதனால்தான் ஒரு ஜன்னலில் செயல்படுத்தியது பக்கத்து ஜன்னலில் இருப்பதில்லை, ஒவ்வொன்றிலும் தனியாகச் செயல்படுத்த வேண்டியிருக்கிறது.